மொட்டை மாடியில் மிளகாய்: ஆடியில் விதைத்து மாசியில் வத்தல் எடுக்கும் வரை

சித்திரைத் திருவிழா முடிந்த கையோடு பன்னிரண்டு க்ரோ பேக் வாங்கி வந்து, மதுரை விளாங்குடி வீட்டு மொட்டை மாடியில் மிளகாய் நாற்று நட்டேன். என் முதல் மாடித்தோட்டம் அது. அக்னி நட்சத்திர வெயில், தரையில் கால் வைக்க முடியாது. செடி பாவமென்று நாளுக்கு மூன்று வேளை தண்ணீர் ஊற்றினேன். செடி என்னமோ வளர்ந்தது, பூவும் வைத்தது. வைத்த பூவெல்லாம் காம்போடு கழன்று தரையில் கிடந்தது. ஆனி முடிவதற்குள் கொழுந்து இலையெல்லாம் படகு மாதிரி மேலே மடங்கிச் சுருண்டுகொண்டது. பன்னிரண்டு செடியில் நான் பறித்தது நாலே நாலு காய்.

கீழ் வீட்டில் ஒரு அத்தை இருந்தார். சொந்தமில்லை, அத்தை என்றே கூப்பிட்டுப் பழக்கம். முதுகுளத்தூர்ப் பக்கம் பிறந்தவர், அங்கே கரிசலில் குண்டு மிளகாய் வெள்ளாமை செய்த குடும்பம். காய்ந்த துணி எடுக்க மாடிக்கு வந்தவர் செடிகளைப் பார்த்துவிட்டு நின்றார்.

"ஏப்பா, எலையத் திருப்பிப் பாத்தியா?"

"இல்லத்தே."

"தண்ணி ஊத்த மட்டும் மூணு வாட்டி மாடி ஏறுறியே."

திருப்பிப் பார்த்தேன். இலையின் நடு நரம்பை ஒட்டி, வெளிர் மஞ்சளில், ஊசி முனை அளவுக்கு ஏதோ ஊர்ந்துகொண்டிருந்தது. இலைப்பேன். தெரிந்திருந்தால் பத்து நாள் முன்னாலேயே ஓட்டியிருக்கலாம். அன்றிலிருந்து கற்றுக்கொண்டதை, முதல்முறை மிளகாய் வைக்கப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

மாதம் முக்கியம்

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது மாடிக்கும் பொருந்தும். மதுரையில் ஆடியில் விதை போட்டால், ஆவணிக் கடைசியில் அல்லது புரட்டாசி முதலில் நாற்றைத் தொட்டிக்கு மாற்றலாம். ஐப்பசி மழையில் செடி தழைக்கும். கார்த்திகை, மார்கழியில் பச்சை மிளகாய் பறிக்கலாம். தை, மாசியில் பழம் சிவந்து நிற்கும்போது மழையும் போயிருக்கும், வெயிலும் ஏறியிருக்கும். வத்தல் போட அதைவிட நல்ல நேரம் கிடையாது.

பட்டம் தவறினால் புரட்டாசியில்கூட விதைக்கலாம். நாற்றுப் பருவத்தில் மழை சாடாமல் பார்த்துக்கொண்டால் போதும். தை மாதமும் ஒரு பட்டம்தான். ஆனால் அது வயலுக்குச் சரி. மாடியில் தை விதைப்பு பூக்கும்போது பங்குனி, சித்திரை வந்துவிடும். பகலில் 35 டிகிரிக்கு மேல் போய், ராத்திரியும் தளம் சூடு தணியாமல் இருந்தால் மிளகாய் பூவைப் பிடித்து வைக்காது, உதிர்த்துவிடும். அதற்கு எந்த டானிக்கும் மருந்தில்லை. என் முதல் வருடத் தப்பில் பாதி இதுதான்.

எந்த மிளகாய்?

மதுரைச் சமையலுக்கு மூன்று வகை போதும். தாளிப்புக்கும் சட்னிக்கும் நீளப் பச்சை மிளகாய். குழம்புப் பொடிக்குச் சம்பா: ஒல்லி, நீளம், நல்ல காரம். வத்தக்குழம்புக்கும் தாளித்துக் கொட்டுவதற்கும் குண்டு: உருண்டை, தடித்த தோல், காரத்தைவிட வாசனை தூக்கல். ராமநாதபுரம் முண்டு மிளகாய் என்ற பெயரில் 2023இல் புவிசார் குறியீடு வாங்கியது இந்தக் குண்டுதான். மானாவாரியில் வளர்ந்து பழகிய வகை, கொஞ்சம் மறந்து போனாலும் தாங்கும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் குண்டு இரண்டு, நீளப் பச்சை மூன்று என்று வைத்தால் நான்கு பேர் வீட்டுக்குப் போதும். என்னைப்போல எடுத்தவுடன் பன்னிரண்டு வேண்டாம். பன்னிரண்டு செடியின் இலையையும் தினம் யார் திருப்பிப் பார்ப்பது?

விதைக்கு அலைய வேண்டியதில்லை. கீழமாசி வீதி மளிகைக் கடையில் வாங்கும் குண்டு வத்தலில் உள்ள விதையே பெரும்பாலும் முளைக்கும். காம்போடு இருப்பதாக, உடையாததாக, ஒரே சிவப்பில் உள்ளதாக நாலைந்து பொறுக்கிக்கொள்ளுங்கள். வெள்ளை வெளேரென்று திட்டு விழுந்ததை ஒதுக்கிவிடுங்கள். பச்சை மிளகாயிலிருந்து மட்டும் விதை எடுக்காதீர்கள். அது முற்றாத விதை, முளைத்தாலும் நோஞ்சானாகத்தான் வரும்.

பாக்கெட் விதை வேண்டுமென்றால், வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட ரகங்களில் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தின் கே 1, கே 2, பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியின் பி.கே.எம் 1 எல்லாம் நம் பக்கத்து வெயிலில் பிறந்தவை. வீரிய ஒட்டு விதை நன்றாகக் காய்க்கும், ஆனால் அதன் பழத்து விதையை அடுத்த வருடம் போட்டால் தாயைப்போல வராது.

நாற்று

விதையை ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போடுங்கள். காலையில் மிதப்பதை வடித்துவிட்டு, அடியில் தங்கியதை மட்டும் எடுங்கள். ஒரு ஸ்பூன் சூடோமோனாஸ் பொடியைக் கஞ்சித் தண்ணீரில் குழைத்து அரை மணி நேரம் விதையைப் போட்டு எடுத்தால் நாற்றழுகல் குறையும். உரக்கடையில் கிடைக்கும், நன்மை செய்யும் பாக்டீரியாப் பொடிதான்.

டீக்கடைப் பேப்பர் கப் நாற்றுக்கு அருமையான பாத்திரம். அடியில் மூன்று ஓட்டை குத்தி, தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் சரிபாதி நிரப்பி, கப்புக்கு இரண்டு விதை, அரை சென்டிமீட்டர் ஆழம். அதற்கு மேல் புதைத்தால் வெளியே வரத் திணறும். தண்ணீரைக் கொட்டாமல் தெளியுங்கள். எட்டு நாளிலிருந்து பதினைந்து நாளுக்குள் முளைக்கும். பத்தாம் நாள் பொறுமை இழந்து கிளறிப் பார்க்கும் ஆசை வரும், விட்டுவிடுங்கள்.

முளைத்த அன்றே காலை வெயில் படும் இடத்துக்கு மாற்றிவிட வேண்டும். நிழலிலேயே வைத்திருந்தால் நாற்று வெளிச்சம் தேடி நெடுநெடுவென்று வளர்ந்து சாய்ந்துவிடும். நாற்றின் கழுத்து, அதாவது மண்ணைத் தொடும் இடம், தண்ணீரில் ஊறி மெலிந்து மடங்கினால் அதுதான் நாற்றழுகல். அந்தக் கப்பை உடனே அப்புறப்படுத்துங்கள், மற்றவற்றுக்கு ஒரு நாள் தண்ணீரை நிறுத்துங்கள்.

35 முதல் 45 நாளில் ஆறேழு இலை வந்திருக்கும். சாயங்காலமாகப் பார்த்து, கப்பைக் கிழித்து, வேர் மண் உதிராமல் தொட்டிக்கு மாற்றுங்கள். மூன்று நாள் மதிய வெயில் படாமல் மறைப்பு கட்டினால் போதும்.

தொட்டியும் மண்ணும்

12 அங்குல ஆழமும் அகலமும் உள்ள பையோ தொட்டியோ ஒன்றுக்கு ஒரே செடி. பழைய பெயின்ட் வாளியும் ஆகும், அடியில் ஐந்தாறு ஓட்டை போட வேண்டும். தளத்தின்மேல் நேரடியாக வைக்காமல் இரண்டு செங்கல் கொடுத்து உயர்த்துங்கள். தண்ணீர் வடியும், தளம் ஊறாது, மே மாதச் சூடு வேரில் ஏறாது.

செம்மண், தென்னை நார்க்கழிவு, மக்கிய தொழு உரம் மூன்றும் சம அளவு. பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்து இரண்டு தடவை பிழிந்து தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பயன்படுத்துங்கள், அதில் உப்பு இருக்கும். திருமங்கலம், பேரையூர்ப் பக்கம் இருப்பவர்கள் வாசலில் கிடக்கிறதே என்று கரிசல் மண்ணை மட்டும் நிரப்பிவிடுகிறார்கள். வயலில் அது தங்கம். தொட்டியில் மழைக்குச் சேறாகிவிடும், வெயிலுக்குப் பாளம் பாளமாக வெடித்து வேரை அறுக்கும். கால் பங்குக்கு மேல் சேர்க்காதீர்கள். கலந்த மண்ணை ஈரமாக்கி ஒரு வாரம் ஆறப்போட்டு அப்புறம் நடுங்கள்.

தண்ணீர்

ஆள்காட்டி விரலை மண்ணில் இரண்டு கணு ஆழம் விடுங்கள். நுனியில் ஈரம் ஒட்டினால் இன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். இவ்வளவுதான் கணக்கு.

மதியம் இரண்டு மணிக்குச் செடி தலையைத் தொங்கப் போட்டு நிற்கும். அதைப் பார்த்துப் பதறித்தான் நான் மூன்று வேளை ஊற்றினேன். அது தாகமாக இருக்க வேண்டியதில்லை. வேர் இழுப்பதைவிட வேகமாக இலையிலிருந்து ஈரம் போவதால் வரும் வாட்டம். வெயில் தாழ்ந்ததும் தானே நிமிர்ந்தால் ஒன்றும் செய்யாதீர்கள். காலை ஆறு மணிக்கும் தொங்கிக் கிடந்தால்தான் கவலை. அப்போதும் முதலில் விரலை விட்டுப் பாருங்கள். மண் காய்ந்திருந்தால் தாகம். மண் ஈரமாக இருந்து செடி வாடினால் வேர் அழுகுகிறது என்று அர்த்தம், அதில் இன்னும் ஊற்றினால் செடி போச்சு.

நம் ஊர் போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. பை விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருந்தால் அதுதான். இலை ஓரம் கருகுவதற்கும் அதுவே காரணமாகும். மாநகராட்சித் தண்ணீர் வரும் நாளில் ஒரு வாளி பிடித்து வைத்துச் செடிக்குக் கொடுங்கள். இல்லையென்றால் மழை பெய்யும்போது பைகளை நன்றாக நனைய விட்டு உப்பை அடித்துப் போக விடுங்கள். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரை வீணாகிறதே என்று செடிக்கு ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். உப்பெல்லாம் சேர்வது அந்தத் தண்ணீரில்தான். அதில் தரை கழுவுங்கள்.

இலைக்கு அடியில்

இனி அத்தையின் பாடம். காலையில் காபி டம்ளரோடு மாடிக்குப் போய், ஒவ்வொரு செடியிலும் மேலே ஓர் இலை, நடுவில் ஓர் இலை திருப்பிப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகாது. கண் சரியாகத் தெரியாவிட்டால் போன் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள்.

இலை ஓரங்கள் மேல்நோக்கி மடங்கிப் படகு மாதிரி ஆனால் இலைப்பேன். கீழ்நோக்கி மடங்கி, கவிழ்த்த தோணி மாதிரி, இலை குறுகி, காம்பு மட்டும் நீண்டால் முரணைச் சிலந்தி. இந்தச் சிலந்தி வெறும் கண்ணுக்குத் தெரியாது, சுருளும் திசையை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். இரண்டையும் சுருட்டை என்று ஒரே பெயரில் சொல்லி ஒரே மருந்தை அடிப்பதால்தான் பலருக்குக் கேட்பதில்லை. மூன்றாவது ஒன்று உண்டு. இலை சிறுத்து, நரம்பு தடித்து, கணு நெருங்கி, செடி குட்டையாகிக் கொத்துக் கொத்தாக நிற்கும். அது வெள்ளை ஈ பரப்பும் வைரஸ். அதற்கு மருந்து கிடையாது. மனசு கேட்காதுதான், ஆனாலும் அந்தச் செடியைப் பிடுங்கிப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். பக்கத்துச் செடிகளாவது பிழைக்கும்.

இலைப்பேன், கொழுந்தில் அப்பிச் சாறு உறிஞ்சும் அசுவினி, வெள்ளை ஈ மூன்றுக்கும் முதல் வைத்தியம் தண்ணீர்தான். குழாயை விரலால் அடைத்து, இலைக்கு அடியில் படும்படி காலையில் பீய்ச்சுங்கள். பாதி அதிலேயே ஓடிவிடும். அடங்காவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், அது கலக்க ஒரு சிட்டிகை காதி சோப்பு. வெயில் தாழ்ந்த பிறகு, இலையின் அடிப்பக்கம் நனையத் தெளிக்க வேண்டும். மேலே மட்டும் அடித்துவிட்டு மருந்து கேட்கவில்லை என்று சொல்வது, காலில் அடிபட்டதற்குக் கையில் தைலம் தேய்ப்பது மாதிரி. வாரம் ஒரு முறை, மூன்று வாரம். வெள்ளை ஈக்கு மஞ்சள் ஒட்டும் அட்டை, இலைப்பேனுக்கு நீல அட்டை, செடியின் உயரத்தில் தொங்கவிட்டால் எத்தனை வந்திருக்கிறது என்று எண்ணிப் பார்க்கலாம்.

முரணைச் சிலந்திக்கு நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம். கடும் வெயிலில் அடித்தால் இலை கருகும். வேப்பெண்ணெய் அடித்து இரண்டு வாரமாவது ஆகியிருக்க வேண்டும், இரண்டும் ஒன்று சேர்ந்தாலும் இலை கருகும்.

தண்டில் எறும்பு வரிசை கட்டி ஏறினால் மேலே அசுவினி இருக்கிறது. அது வடிக்கும் இனிப்புக்குத்தான் எறும்பு போகிறது. அங்கேயே சிவப்பில் கறுப்புப் புள்ளி வைத்த பொறிவண்டு இருந்தால் அதை விரட்டாதீர்கள். அசுவினியைத் தின்ன வந்த ஆள் அது. அதன் குஞ்சு முள்ளுப் புழு மாதிரி அவலட்சணமாக இருக்கும், நான் ஒரு வருடம் முழுக்கப் பூச்சியென்று நினைத்து நசுக்கினேன்.

பீடி, சிகரெட், புகையிலை தொட்ட கையோடு செடியைத் தொடாதீர்கள். புகையிலையில் உள்ள வைரஸ் மிளகாய்க்கும் தொற்றும். சோப்புப் போட்டுக் கை கழுவினால் போதும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கிளை நுனியிலிருந்து காய்ந்துகொண்டே வந்தால், அல்லது பழத்தில் வட்டமாகக் குழிந்து கறுப்பு விழுந்தால் அது பூஞ்சணம். பட்ட கிளையைப் பச்சை தெரியும் இடம்வரை வெட்டுங்கள், பழத்தைப் பறித்து எறியுங்கள், பைகளை நெருக்காமல் காற்றோட்டமாகத் தள்ளி வையுங்கள். அந்தப் பழத்திலிருந்து விதை எடுக்கவே கூடாது.

சாப்பாடு

அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இருபது நாளுக்கு ஒரு முறை இரண்டு கைப்பிடி மண்புழு உரம், மண்ணைக் கிளறிவிட்டுப் போடுங்கள். மொட்டு வரும்போது பஞ்சகவ்யா லிட்டருக்கு 30 மில்லி தெளிக்கலாம். யூரியா பக்கம் போகவே வேண்டாம். செடி பார்க்கப் பச்சைப்பசேலென்று வீட்டுக்கு வருகிறவர்கள் பாராட்டும்படி நிற்கும், காய் மட்டும் இருக்காது. கொழுகொழு இலைக்குத்தான் அசுவினியும் முதலில் வரும்.

நட்டு ஒரு மாதத்துக்குள் பூத்தால் முதல் நாலைந்து பூவைக் கிள்ளிவிடுங்கள். செடி இன்னும் உடம்பு தேறவில்லை. நுனி கிள்ளலாமா என்று கேட்கிறார்கள். மிளகாய் முதல் பூ வைக்கும் இடத்தில் தானாகவே இரண்டாகக் கிளைக்கும், நான் கிள்ளுவதில்லை.

பறிப்பு

நட்டதிலிருந்து இரண்டு, இரண்டரை மாதத்தில் பச்சை மிளகாய் கைக்கு வரும். தோல் மினுமினுவென்று, அழுத்தினால் கெட்டியாக இருந்தால் பறிக்கலாம். காயைப் பிடித்து இழுத்தால் கிளையே கையோடு வரும், மிளகாய்க் கிளை அவ்வளவு முறியும். காம்பை மேல்நோக்கி மடக்குங்கள், கணுவில் 'டக்' என்று விடும். இல்லையென்றால் கத்தரிக்கோல். காம்போடு பறித்தால் நாலு நாள் கூடத் தாங்கும்.

பச்சையாகப் பறிக்கப் பறிக்கச் செடி மேலும் பூக்கும். செடியில் பழம் சேர்ந்துவிட்டால் பூ குறையும். அதனால் நான் பச்சை மிளகாய்ச் செடியில் வாரம் இரு முறை பறித்துவிடுவேன், குண்டில் மட்டும் பழுக்க விடுவேன்.

காரம் விதையில் இருப்பதாகத்தான் எல்லோரும் நினைக்கிறோம். விதை ஒட்டியிருக்கும் வெள்ளைத் தசையில்தான் இருக்கிறது. அது தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். கை எரிந்தால் தேங்காய் எண்ணெய் தேய்த்து, அப்புறம் சோப்பில் கழுவுங்கள். நாக்கு எரிந்தால் தயிர்.

இத்தனைக்கும் இது நம் ஊர்க் காய் இல்லை. அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்ச்சுக்கீசியர் கப்பலில் வந்தது. அதுவரை நம் காரம் மிளகுதான், அந்த மிளகைக் கொண்டே புதுக் காய்க்கு மிளகாய் என்று பெயர் வைத்திருக்கிறோம். அழகர்கோவில் தோசையைக் கடித்துப் பாருங்கள், அதில் இன்றைக்கும் மிளகுக் காரம்தான்.

வத்தலும் மோர் மிளகாயும்

முழுக்கச் சிவந்த பழத்தைப் பறித்து உடனே வெயிலில் போடாதீர்கள். வீட்டுக்குள் ஒரு சாக்கின்மேல் இரண்டு நாள் குவித்து வையுங்கள். ஆங்காங்கே பச்சை விட்டிருப்பதும் ஒரே நிறத்துக்கு வரும். அப்படியே வெயிலில் போட்டால் பச்சை இருந்த இடம் வெள்ளைத் திட்டாகிவிடும். பிறகு சுத்தமான துணியிலோ தார்ப்பாயிலோ ஒற்றையாகப் பரப்புங்கள். சாயங்காலம் அள்ளி மூடிவிட வேண்டும், மாசிப் பனி பட்டால் கறுக்கும். தடித்த தோலுள்ள குண்டுக்குப் பத்து நாள்வரை ஆகும். எடுத்துக் காதருகே ஆட்டினால் விதை கலகலவென்று சத்தம் போட வேண்டும். சத்தம் வராததை டப்பாவில் போட்டால் ஆனியில் பூசணம் பிடித்து டப்பா முழுவதையும் கெடுக்கும். நாலு கிலோ பழத்துக்கு ஒரு கிலோவை ஒட்டி வத்தல் தேறும்.

மோர் மிளகாய்க்குச் சற்றுத் தடித்த பச்சை மிளகாய். காம்பை விட்டுவைத்து, வயிற்றில் ஒரு கீறல். புளித்த கெட்டி மோரில் கல்லுப்பு போட்டு ராத்திரி ஊறவிடுங்கள். பகலில் மிளகாயை மட்டும் எடுத்து வெயிலில் வைக்க வேண்டும், ராத்திரி திரும்ப அதே மோரில். நாலாவது நாள் மோரெல்லாம் மிளகாய் குடித்திருக்கும். அப்புறம் மொறுமொறுவென்று காயவிட்டால் பழைய சோற்றுக்கு வருடம் முழுக்கக் கவலையில்லை.

செடியைப் பிடுங்காதீர்கள்

பங்குனியில் காய்ப்பு ஓய்ந்ததும் பலர் செடியைப் பிடுங்கிவிடுகிறார்கள். மிளகாய் ஒரு வருடத்தோடு முடிகிற செடி இல்லை, தொட்டியில் இரண்டு மூன்று வருடம் நிற்கும். நோயில்லாத செடியாகப் பார்த்துப் பாதி உயரத்துக்கு வெட்டி, கிழக்கு வெயில் மட்டும் படும் சுவரோரம் தள்ளி வையுங்கள், அல்லது பாதி வெயிலை மறைக்கும் 50 சதவீத பச்சை வலை கட்டுங்கள். கோடை முழுக்க உயிர் தங்கும் அளவுக்குத் தண்ணீர் போதும். அந்த இரண்டு மாதம் பூ வைத்தாலும் நிற்காது, அதற்காகக் கவலைப்பட்டு எதுவும் ஊற்றாதீர்கள். ஆனிக் கடைசியில் மேல் மண்ணை நாலு விரல் அளவு எடுத்துவிட்டுப் புது உரம் போட்டால் கணுவுக்குக் கணு தளிர்க்கும். ஆடிக் காற்று தொடங்குமுன் பக்கத்தில் ஒரு குச்சி ஊன்றிக் கட்டிவிடுங்கள். கட்டும்போதே அந்தத் தளிரையும் ஒருமுறை திருப்பிப் பார்த்துவிடுங்கள், இலைப்பேனுக்கும் ஆடிப்பட்டம் தெரியும்.